துப்பாக்கியை மறைத்தால் குற்றமா? காட்டினால் குற்றமா? சட்டம் சொல்வது இதுதான்

திருவண்ணாமலை:

இடுப்பில் துப்பாக்கி தெரியும்படி ஒருவர் நடந்து வருகிறார். இன்னொருவர் சட்டைக்குள்ள சொருகி மறைச்சிக்கிட்டு வருகிறார். இதில் யார் செய்வது தப்பு?

தெரியும்படி வைத்திருப்பவர் நேர்மையானவர், மறைப்பவர்தான் திருடன் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நம் நாட்டு சட்டம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: லைசென்சு இருக்கா, இல்லையா?

லைசென்சு இருந்தால் மூடித்தான் வைக்கணும்

1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி, லைசென்சு இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. மாவட்டங்களில் லைசென்சு கொடுப்பவர் கலெக்டர்.

லைசென்சு வாங்கி விட்டால் கெத்தாக காட்டிக்கொண்டு திரியலாமா? அதுவும் கூடாது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையிலோ, பையிலோதான் கொண்டு போகணும். அது முழுசாக மூடியிருக்கணும். எப்போதும் அவர் கட்டுப்பாட்டிலேயே இருக்கணும். உறையோடு வேறு ஆள் கையில் கொடுத்து அனுப்புகிற வேலை ஆகாது.

கல்யாணம், ஊர்வலம், திருவிழா, பொதுக்கூட்டம் போன்ற இடங்களில் துப்பாக்கியை எடுத்து ஆட்டிக் காட்டவும், சுடவும் தடை. மீறினால் லைசென்சே பறிபோகும். லட்சக்கணக்கான பக்தர்கள் கூடும் கார்த்திகை தீபத் திருவிழாவும், பவுர்ணமி கிரிவலமும் இதற்கு விலக்கு இல்லை.

கொண்டாட்டம் என்ற பெயரில் மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். 2019-ம் ஆண்டு திருத்தத்தில் இது சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் எப்படி?

சினிமாவில் பார்க்கும் அமெரிக்க கதை வேறு. அங்கே தெரியும்படி கொண்டு போவதற்கும், மறைத்துக் கொண்டு போவதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி சட்டம். டெக்சாஸ் மாநிலத்தில் 2015 முடியும் வரை, லைசென்சு வைத்திருந்தவர்களும் கைத்துப்பாக்கியை மறைத்துத்தான் கொண்டு போகணும். 2016 ஜனவரி 1 முதல் உறையில் போட்டு வெளியே தெரியும்படி கொண்டு போக அனுமதி கிடைத்தது. 2021-ல் லைசென்சே தேவையில்லை என்று சட்டம் வந்தது. அந்தப் பேச்சு இங்கே செல்லாது.

லைசென்சு இல்லாமல் மறைத்தால்?

இங்கேதான் மறைப்பது பெரிய குற்றமாகிறது. லைசென்சு இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில். அதிகாரிகளுக்கு தெரியக்கூடாது என்ற நோக்கத்தோடு செய்ததாக நிரூபணம் ஆனால், சட்டத்தின் 26-வது பிரிவும் பாயும். அதில் 7 ஆண்டு வரை ஜெயில் உண்டு. மாஜிஸ்திரேட்டு உத்தரவோடு சோதனை நடக்கும்போது ஒளித்து வைத்தால் 10 ஆண்டு வரை போகும்.

ஜவ்வாது மலை போன்ற மலைக் கிராமங்களில் உள்ளவர்கள் இதைக் கவனிக்கணும். "தாத்தா காலத்து நாட்டுத்துப்பாக்கி, பரண்ல சும்மா கிடக்கு" என்று சொன்னால் கேஸ் நிற்காது. காட்டுப்பன்றியிடம் இருந்து பயிரைக் காப்பாற்ற நாட்டுத்துப்பாக்கிக்கு லைசென்சு கேட்டு விண்ணப்பிக்க சட்டத்திலேயே வழி இருக்கிறது. லைசென்சு காலாவதி ஆகிவிட்டாலோ, லைசென்சுதாரர் இறந்து போனாலோ தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைக்கணும்.

போலீசார் கேட்டால்...

துப்பாக்கி கொண்டு போகிறவரிடம் லைசென்சை காட்டச் சொல்லி கேட்க போலீசாருக்கு அதிகாரம் உண்டு. காட்டாவிட்டால் பெயர், முகவரி கேட்கலாம். துப்பாக்கியை பறிமுதல் செய்யலாம். பொய்ப் பெயர் சொன்னதாகவோ, தப்பி ஓடப் பார்ப்பதாகவோ தெரிந்தால் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம்.

லைசென்சில் எந்தப் பகுதி வரை செல்லும் என்றும் எழுதியிருக்கும். ஒரு மாநிலத்துக்கு மட்டும் வாங்கிய லைசென்சை நம்பி, துப்பாக்கியோடு கிரிவலத்துக்கு வரும் வெளிமாநிலத்தவரை அந்தக் காகிதம் காப்பாற்றாது.

துப்பாக்கி உறைக்குள்ளே இருக்கணும். லைசென்சு கேட்டவுடன் காட்டும்படி கையிலே இருக்கணும். இதை மாற்றிச் செய்தால்தான் சிக்கல்.