பழந்துணியில் மடிக்கணினி உறை

கிராமத்து இல்லங்களில் துணி எளிதில் குப்பைக்குச் செல்வதில்லை. சேலை குழந்தைக்குத் தூளியாகும். தூளி நைந்தபின் அடுப்படியில் பிடிதுணியாகும். இந்தச் சிக்கனத்தை நம் தாய்மார்களுக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. அக்கைத்திறனைப் புதியதொரு தேவைக்குத் திருப்பும் வகையையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

2011ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாடு அரசு மேனிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு மடிக்கணினிகளை விலையின்றி வழங்கியது. அதுவரை கணினியே இல்லாத பல வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது. ஊராட்சிக் கணக்குகளும் இன்று கணினியில் ஏறிவிட்டன. இக்கருவி ஒருமுறை கைதவறி விழுந்து திரை உடைந்தால், அதை மாற்றும் செலவு ஒரு குடியானவர் குடும்பத்திற்குச் சிறிதன்று. நகரத்திற்குப் போய்வரும் நாளின் கூலியும் அதனுடன் சேர்ந்து போகும். பிள்ளையின் பாடமும் தடைப்படும். வீட்டிலுள்ள பழந்துணியால் மெத்தென்ற உறை ஒன்று தைத்துக்கொண்டால் இவ்விபத்துகளில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

உறைக்கு மூன்று துணிகள் வேண்டும். வெளித்துணி உறுதியாக இருத்தல் அவசியம். பழைய ஜீன்ஸ் காற்சட்டையோ கெட்டியான படுக்கை விரிப்போ பொருந்தும். விரிப்பு பெரும்பாலும் நடுவில்தான் நைந்திருக்கும். ஓரங்கள் நன்றாகவே இருக்கும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தால் அதன் ஆயுள் தெரிந்துவிடும். உள்துணிக்குப் பழைய பருத்தி வேட்டியைவிடச் சிறந்தது இல்லை. சரிகைக் கரையை மட்டும் நீக்கிவிட வேண்டும். அது கருவியின் மேற்பரப்பைக் கீறும். இவ்விரண்டிற்கும் இடையே வைக்கும் துணியே அடியைத் தாங்குவது. தேய்ந்த டர்க்கித் துண்டு இரண்டு மடிப்பாகவோ, கிழிந்த ஜமக்காளம் ஒரு மடிப்பாகவோ போதும். சிலர் தலையணையிலிருந்து இலவம்பஞ்சை எடுத்து அடைக்க முற்படுவர். பஞ்சு சில நாட்களில் ஒரு மூலைக்குத் திரண்டுவிடும்; அடி படும் இடம் வெறுமையாகும். ஆதலால் அதை நாம் பரிந்துரைப்பதில்லை.

துணிகளை முதலில் வெந்நீரில் துவைத்து உலர்த்த வேண்டும். சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். கஞ்சிப் பசை எஞ்சியிருந்தால் கரப்பான் பூச்சி தேடிவரும் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி அளவு. கணினியின் அகலம் 33 செ.மீ., உயரம் 23 செ.மீ., கனம் 2 செ.மீ. என்று கொள்வோம். அகலமும் கனமும் சேர்ந்து 35. இரு பக்கத் தையலுக்கு 2. நடுத்துணியின் பருமனுக்கும் தளர்ச்சிக்கும் 2. ஆக வெட்டும் அகலம் 39 செ.மீ. நீளத்திற்கு, உயரத்தின் இருமடங்கு 46, கனம் 2, வாயோர மடிப்பிற்கு 2, வாய்ப்புறம் மிகுதியாக 4, ஆக 54 செ.மீ. கனத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பதனாலேயே பல உறைகள் இறுகிப் போகின்றன.

வெட்டுமுன் ஒரு வேலை உண்டு. வெளித்துணியையும் நடுத்துணியையும் அளவுக்குச் சற்று மிகையாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 5 செ.மீ. இடைவெளியில் நீளத் தையல்கள் ஓட்ட வேண்டும். இத்தையலால் துணி சிறிது சுருங்கும். அதன் பின்னரே 39க்கு 54 என்று வெட்டுக. தையல் எந்திரத்திற்கு 16ஆம் எண் ஊசி போடுவது நலம். மெல்லிய ஊசி முறிந்துபோகும். கையால் தைப்போர் இரட்டை நூல் கோத்துக்கொள்ளலாம்.

வெட்டிய துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் மூடித் தைக்க வேண்டும். கை தவறிய கருவி பெரும்பாலும் மூலை குத்தியே விழும். ஆகவே அடி மூலை இரண்டிலும் உள்ளங்கையளவு துண்டுத்துணி ஒன்றை மிகையாக வைத்துத் தைப்பது இன்றியமையாதது. உள்துணியை அரை செ.மீ. குறைந்த அகலத்தில் வெட்டி, அவ்வாறே தனிப் பையாகத் தைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பையை நல்ல பக்கத்திற்குப் புரட்டி, உள்பையைப் புரட்டாமலே அதனுள் செருகி, வாயோரங்களை உள்நோக்கி மடித்துச் சுற்றித் தைத்தால் உறை உருவாகிவிடும்.

வாயை மூடுவதற்குப் பழைய சட்டையின் பொத்தான் துளைப் பட்டியில் ஒரு சாண் வெட்டிப் பின்புறம் இணைத்து, முன்புறத்தில் அச்சட்டையின் பொத்தானையே வைத்துத் தைக்கலாம். செலவு நூலுக்கு மட்டுமே.

மகளிர் குழுக்கள் இவ்வுறைகளைத் தைத்து விற்க முன்வருமாயின், ஊராட்சி உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணி இலவசம் என்பதற்காக உழைப்பையும் இலவசமாகக் கருதிவிடலாகாது. வெட்டவும் தைக்கவும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டே விலை குறிக்க வேண்டும்.

மின்னேற்றியைக் கணினியோடு ஒரே உறையில் திணித்தல் கூடாது. புத்தகச் சுமையில் அது அழுந்தித் திரையை உடைக்கும். மிஞ்சிய துணியில் அதற்குத் தனிச் சிறுபை தைக்கலாம். மழைநீரை இவ்வுறை தடுக்காது. அதற்காக உரச்சாக்கின் உட்பையைப் பயன்படுத்தவும் கூடாது. அதில் ஒட்டியுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கும். கணினியை முற்றிலும் அணைத்து, சூடு ஆறிய பிறகே உறையில் இட வேண்டும். மின்னேற்றும்போது உறை தனியே கொடியில் தொங்கட்டும்.