கட்டுப் போட்ட கையால் நன்றி சொல்வது எப்படி?



சென்ற ஆண்டு இறுதி மழையில், கோப்பெங்கில் எங்கள் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "சிமெண்டு போட்டாச்சா டீச்சர்?" என்று கேட்காத ஆள் இல்லை. எழுத முடியாததுகூடப் பரவாயில்லை. தலை சீவ முடியாது, பொத்தான் போட முடியாது, சோறு பிசைய முடியாது. இதையெல்லாம் எனக்குச் செய்தவர் என் மாமியார்.

கட்டுப் பிரித்த வாரம் அவருக்கு ஒரு நல்ல புடவை வாங்கிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார், மடித்து வைத்தார். "என்னம்மா, கணக்கு தீர்க்கிறியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

திருக்குறளில் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பத்துக் குறளையும் பொருளோடு நடத்துகிறோம். ஆனால் வீட்டில் ஒருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று நமக்கே தெரிவதில்லை. அந்த யோசனையில் நான் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன். கடைசியில் வகுப்புக்கு ஒரு நடவடிக்கையும் உண்டு.

வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது

வீட்டு ஆளிடம் "நன்றி" என்று சொன்னால் வேற்றாளிடம் பேசுவது போல இருக்கும். அதனால் நம்மவர்கள் நன்றியைப் பொருளாகக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தூக்குச்சட்டியில் குழம்பு வந்தால் அதை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். கொஞ்சம் சீனி, நாலு பச்சை மிளகாய், எதுவும் இல்லையென்றால் ஒரு பிடி அரிசி. என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்து டிரஸ்ஸர் புண்ணுக்கு மருந்து போட்டால், அடுத்த வாரம் வீட்டுக் கோழி முட்டையோ முருங்கைக்கீரையோ அவர் வீட்டுக்குப் போய்விடும் என்பார்.

அந்த முட்டையில் விலை இல்லை. கொடுத்தவர் வீட்டு உழைப்பு இருந்தது. என் புடவையில் அது இல்லை. கைப்படச் செய்த பரிசுக்கும் கடைப் பரிசுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது "உறவு தொடரட்டும்" என்கிறது. பின்னது சில நேரம் "பாக்கி முடிந்தது" என்று சொல்லிவிடுகிறது.

கைக்கு ஏற்ற வேலை

காயத்தோடு இருப்பவர் பரிசு செய்கிறேன் என்று கையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் மருத்துவரையோ சிகிச்சையாளரையோ கேளுங்கள். என் அனுபவத்தில் மூன்று கட்டம் உண்டு.

கட்டு இருக்கும்போது: ஒரு கை வேலை மட்டும். நான் மைலோ டின்னில் கற்பூரவல்லிக் கிளைகளை நட்டேன். டின்னின் அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தது என் கணவர். இரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். கட்டுப் பிரிக்கும்போது இலை தழைத்துக் கொடுப்பதற்குத் தயாராக இருக்கும். காலில் அடிபட்டவர் என்றால் உட்கார்ந்தபடி பூ தொடுக்கலாம், துணிப்பை தைக்கலாம், ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டலாம்.

கட்டுப் பிரித்ததும்: மணிக்கட்டு மரக்கட்டை போல விறைத்திருக்கும். எலும்பு கூடியிருந்தாலும் பலம் வந்திருக்காது. மாவு பிசைவது, முறுக்கு அச்சை அழுத்துவது எல்லாம் பிறகு. காகிதம் மடிப்பது, மணி கோப்பது, இரண்டு மூன்று வரி எழுதுவது போதும்.

பலம் வந்த பிறகு: ஊறுகாய், தேங்காய் மிட்டாய், அதிரசம், உங்கள் விருப்பம். ஊறுகாய் என்றால் பாட்டிலும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்கட்டும். இல்லையென்றால் பூசணம் பிடித்துவிடும்.

கைவினையும் குணமாவதும் புதிதாகச் சேர்ந்தவை அல்ல. முதல் உலகப் போரில் காயம்பட்ட படைவீரர்களுக்குக் கூடை முடைதல், நெசவு, மரவேலை போன்றவற்றைச் சிகிச்சையாகவே கொடுத்தார்கள். இன்று மருத்துவமனைகளில் உள்ள செயல்முறைச் சிகிச்சைப் பிரிவு வளர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆக, நீங்கள் பரிசு செய்யும் நேரம் உங்கள் கைக்கும் பயிற்சிதான்.

யாருக்கு எது?

நம்மைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லாரும் தமிழர்கள் இல்லை. எனக்குக் கஞ்சி கொண்டு வந்தவர் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி. கட்டு மாற்றிய மிஸ்ஸி மலாய்க்காரர். எனவே சில கவனம் தேவை.

முஸ்லிம் நண்பருக்கு வீட்டுப் பலகாரம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். நம் சமையலறைப் பாத்திரம் பற்றி அவருக்குத் தயக்கம் இருக்கலாம். கேட்பதில் தவறில்லை, கேட்காமல் கொடுத்துச் சங்கடப்படுத்துவதுதான் தவறு. செடியும் வாழ்த்து அட்டையும் யாருக்கும் பொருந்தும்.

சீனருக்குப் பழம் கொடுத்தால் இரட்டைப்படையில் கொடுங்கள், ஆனால் நான்கு வேண்டாம். அவர்கள் மொழியில் அந்த எண்ணின் ஒலி சாவு என்ற சொல்லுக்கு நெருக்கமானது. நாமோ நூற்றொன்று என்று ஒற்றைப்படையில் மொய் வைப்பவர்கள்! நான் எலுமிச்சை ஐந்து எடுத்து வைத்து, பிறகு ஆறாக்கினேன்.

அரசு மருத்துவமனை ஊழியர் என்றால் இன்னொன்று. அரசு ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டின் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் பரிசு வாங்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்களான நமக்கும் இதே விதிதான். விலையுயர்ந்த பொருள் அவருக்குத் தொல்லையாகலாம். கையால் எழுதிய அட்டை அப்படி ஆகாது.

என்ன எழுதுவது?

"தங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். அதனாலேயே யாரையும் தொடாது. மூன்று வரி போதும்:

1. நீங்கள் செய்த ஒரு செயல். பொதுவாக வேண்டாம், ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.
2. அதனால் எனக்கு எது எளிதானது.
3. இப்போது என்னால் எது முடிகிறது.

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பார்த்துக்கொண்டவர் அறிய விரும்புவது அதைத்தான்.

நான் மாமியாருக்கு எழுதினேன். தினமும் இரண்டு வரி பயிற்சியாக எழுத வேண்டியிருந்தது. அதையே கடிதமாக்கினேன். "காலையில் எனக்குப் பின்னல் போடும்போது உங்கள் விரல் நடுங்கும். ஒரு நாளும் நீங்கள் விட்டதில்லை. நான் கலைந்த தலையோடு வகுப்புக்குப் போகவில்லை. இன்று நானே சீப்பைப் பிடித்தேன்." இவ்வளவுதான். நான்கு நாள் ஆயிற்று.

அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது பின்னல்தானே?" என்று ஓர் இடத்தில் கேட்டார். படித்து முடித்து, "எழுத்து கோணலா இருக்கு. கை இன்னும் சரியாகல. மெதுவா எழுது, அவசரமில்ல" என்றார். பிறகு மடித்து, அடையாள அட்டை வைக்கும் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார். கணக்கு பற்றி அன்று ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பில் செய்ய

மே 12 அனைத்துலகத் தாதியர் தினம், மே 16 நம் நாட்டில் ஆசிரியர் தினம். இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் ஒரு பாடவேளை போதும்.

படி 1: சிபில் கார்த்திகேசுவைப் பற்றிச் சொல்லுங்கள். பேராக் மாணவர்களுக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா, பூசிங் வழியாகப் போனால் அவர் இருந்த பாப்பான் வந்துவிடும். தாதியான அவர், ஜப்பானியர் ஆட்சியில் எதிர்ப்புப் போராளிகளுக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். 1943இல் கைதாகிக் கொடும் சித்திரவதைக்கு ஆளானார். போர் முடிந்த பின் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார், 1948 ஜூன் 12 அன்று அங்கேயே இறந்தார். ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. பலரைப் பார்த்துக்கொண்டவர், பிறகு மற்றவர் கையை நம்பிப் படுத்திருந்தவர்.

படி 2: அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவராகத் தன்னைக் கற்பனை செய்து, மாணவர் அவருக்கு மூன்று வரி எழுதட்டும்.

படி 3: அதே மூன்று வரியைத் தன்னைப் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு எழுதட்டும். அம்மா, தாத்தா, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், யாராகவும் இருக்கலாம். எழுத்துப்பிழையை அட்டையில் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். வரைவிலேயே திருத்திவிடுங்கள்.

படி 4: அட்டையை நேரில் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் வாய்மொழியாகச் சொல்லட்டும். பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் "யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம்" என்று முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

செய்து பார்த்துவிட்டு, உங்கள் மாணவர்கள் என்ன கேட்டு வந்தார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.