பெரட்டில் பேசியது யார்?

சிரம்பானிலிருந்து கோலாப்பிலா போகும் சாலையில் அம்பாங்கானைக் கடக்கும்போது இன்று கண்ணில் படுவது தாமான் வீடுகளும் கடைவரிசைகளும்தான். ஆனால் இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களை விசாரித்துப் பாருங்கள். தாத்தா பாட்டியின் முகவரி பெரும்பாலும் ஒரு ரப்பர் தோட்டமாக இருக்கும். அந்தத் தோட்டங்களின் கூலி, லயம், கள்ளுக்கடை பற்றியெல்லாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஒரு சேதி அங்கே யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை அவ்வளவாக ஆராய்ந்ததில்லை. தோட்டத்துத் துயரங்கள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விடியுமுன் பெரட்டு. ஆண்களும் பெண்களும் உளியும் வாளியுமாக வரிசையில் வந்து நிற்பார்கள். ரப்பர் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தணியும், பால் வடிவது குறையும். அதனால் பெரட்டில் பேச்சுக்கு இடமில்லை. பெயர் கூப்பிடுவார்கள், ஆள் குரல் கொடுக்கும். யாருக்கு எந்த நிரை, யாருக்கு வெளிக்காட்டு வேலை என்று சொல்லி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். தோட்ட நிர்வாகியான துரை, எழுத்தரான கிராணியிடம் சொன்னது கிராணி வழியாக ஆட்களை மேய்க்கும் கங்காணிக்கும் மண்டோருக்கும் வந்து, அவர்கள் வாயால் ஆட்களின் காதில் விழும். மேலேயிருந்து உத்தரவை இறக்குவதற்கு இதைவிட வேகமான ஏற்பாடு இல்லை.

கீழேயிருந்து ஒரு சொல் மேலே ஏறுவதற்கும் அதே படிகள்தான் இருந்தன. சிக்கலே அதில்தான். சேதி போகும் வழி வேலையை எப்படி மாற்றுகிறது என்பதைத் தோட்டத்துக்கு வெளியே நடந்த ஒரு சோதனை காட்டுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் லெவிட் செய்த ஒரு சோதனை 1951-இல் வெளியானது. ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி நடுவே தடுப்புகள், தடுப்புகளில் சீட்டு நுழையும் அளவுக்குத் துளைகள். ஒவ்வொருவர் கையிலும் ஐந்து குறிகள் உள்ள அட்டை. ஐந்து அட்டைகளிலும் பொதுவாக உள்ள ஒரே குறியை எழுத்துச் சீட்டுகள் மூலமாகவே கண்டுபிடிக்க வேண்டும். எந்தத் துளையைத் திறப்பது, எதை அடைப்பது என்பதை மாற்றி, குழுவைச் சங்கிலியாகவும், கவையாகவும், நடுவில் ஒருவர் இருக்கும் சக்கரமாகவும், வட்டமாகவும் அமைத்தார் லெவிட். எல்லாச் சேதியும் ஒருவரிடம் வந்து சேரும் சக்கரத்தில் வேலை சுறுசுறுப்பாக நடந்தது, பிழையும் குறைவு. வட்டத்தில் சீட்டுகள் ஏராளம், தவறுகளும் அதிகம். ஆனால் வேலையை விரும்பிச் செய்தவர்கள் வட்டத்தில்தான் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நிறைவாக உணர்ந்தார், ஓரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் சலித்துப் போனார்கள்.

இதோடு நின்றிருந்தால் துரைமார்கள் மகிழ்ந்திருப்பார்கள். அதே கழகத்தில் தொடர்ந்து நடந்த சோதனைகளில் குறிகளுக்குப் பதிலாகக் கோலிகளைக் கொடுத்தார்கள். நிறம் தெளிவாக இருந்தவரை சிக்கலில்லை. நிறங்கள் கலங்கிய கோலிகள் வந்ததும் ஒருவர் பச்சை என்றதை மற்றவர் நீலம் என்றார். வட்டத்தில் இருந்தவர்கள் கேட்டும் மறுத்தும், எந்தக் கோலியை எப்படிச் சொல்வது என்று தங்களுக்குள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிப் பிழைகளைக் குறைத்தார்கள். நடுவில் ஒருவரை வைத்த குழு தடுமாறிக்கொண்டே இருந்தது. எளிய வேலைக்கு மையம் போதும், குழப்பமான வேலைக்குப் பலரும் பலரோடு பேச வேண்டும் என்பதைப் பிறகு மார்வின் ஷா போன்றவர்களின் ஆய்வுகளும் காட்டின.

தோட்டத்தில் உத்தரவு தெளிவான நிறக் கோலி. ஒரு தாயின் காய்ச்சலும், அடிக்கும் மண்டோரைப் பற்றிய முறையீடும், நிறுவையில் எழும் சந்தேகமும் கலங்கிய கோலிகள்.

அந்த முறையீடு படியேறும் வழியைக் கொஞ்சம் பின்தொடர்வோம். தொழிலாளி தமிழில் சொல்வார். யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருந்த கிராணி அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் துரையிடம் வைப்பார். வாய்மாறிப் போகும் செய்தியில் ஐந்தாறு பேரைத் தாண்டுவதற்குள் ஏறக்குறைய 70 விழுக்காடு விவரம் உதிர்ந்துவிடுவதாக ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947-இல் எழுதினார்கள். உதிர்வது ஒருபுறம், மறைப்பது இன்னொரு புறம். 1970-இல் ரோசனும் டெசரும் நடத்திய ஆய்வில், நல்ல செய்தியை முழுதாகச் சேர்ப்பித்தவர்கள் கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்கினார்கள். அதில் தங்களுக்கு எந்த நட்டமும் இல்லாதபோதே அப்படி. கங்காணிக்கோ நட்டம் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் நோயில் கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அன்றைய காசு போச்சு. அவரை மட்டும் கெட்டவராக்கி இதைப் புரிந்துகொள்ள முடியாது. எந்த நல்ல மனிதரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் ஏற்பாடு அவர் வாயை அடைத்திருக்கும்.

துரைகள் தமிழ் படிக்கவில்லையா? படித்தார்கள். இலங்கையில் சின்னதுரைமார்களுக்காக அச்சான கையேடு ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. கூப்பிடவும் ஏவவும் அந்தத் தமிழ் போதும். ஒருவர் தன் குறையைச் சொல்லி முடிக்கும்வரை காது கொடுக்க அது போதாது.

மரம் சீவுவது தனிமையான வேலை. நூற்றுக்கணக்கான மரங்களுடன் ஆளுக்கொரு நிரை, பக்கத்து ஆளின் குரல் மட்டும் எப்போதாவது கேட்கும். பேச்சு பிறந்தது பால் ஸ்டோரில். பால் வாளிகள் தொங்கும் காண்டாவைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வரிசையில் நிற்பார்கள். கிராணி பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை அதில் மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். அளவுகோலைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எழுதியதில் ஐயம் இருந்தாலும் அவரிடமே கேட்க வேண்டும். ஆனால் வரிசையில் நின்ற பெண்கள், நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் தானாக உருவான வட்டம் அதுதான். குழாயடியும் மாரியம்மன் கோயிலும் சவரக்கடையும் அந்த வட்டத்தை விரித்தன.

வட்டத்தின் பேச்சுக்கு மேலே போக வழியில்லாதபோது என்ன நடக்கும் என்பதை 1941 காட்டியது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. முன்னின்றவர்களில் ஒருவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியர் ஆர். எச். நாதன். கோரிக்கைப் பட்டியலைக் கூலிக் கோரிக்கையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் வேறு சிலவும் இருந்தன: பேசவும் கூடவும் உரிமை, உறவினர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி, குறைகளை எடுத்துவைக்கச் சங்கம், துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கத்துக்கு முடிவு. நான்குமே யார் யாரோடு, எந்த நிலையில் நின்று பேசலாம் என்பதைப் பற்றியவை. அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மடிந்தார்கள். வெளியாட்களின் தூண்டுதல் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். தங்கள் காதுக்கு எதுவுமே வந்து சேராத அமைப்பில் இருந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கிராணியைத் தாண்டும் இன்னொரு பாதை போருக்குப் பின் நம் மாநிலத்திலேயே தொடங்கியது. 1946-இல் சிரம்பானில் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதில் முன்னின்ற பி. பி. நாராயணன், பல மாநிலச் சங்கங்கள் இணைந்து 1954-இல் பிறந்த தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பல்லாண்டுகள் வழிநடத்தினார். அந்தச் சங்கத்தின்மீது பிற்காலத்தில் எழுந்த குறைகளை நான் மறுக்கவில்லை. சங்கமும் பெரிதாகும்போது மேலும் கீழுமாகப் படிகளைக் கட்டிக்கொள்ளும். இருந்தாலும் தோட்டக் கிளைத் தலைவர் ஒருவர் மண்டோரைக் கேட்காமல் துரையின் ஆபீஸ் வாசலுக்குப் போய் நின்றது பெரிய மாற்றம்.

இன்று ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை. பழக்குலை அறுக்கும் கைகள் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவை. 2020 டிசம்பரில் மலேசியாவின் பெரிய தோட்ட நிறுவனம் ஒன்றின் பாமாயிலை, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத் துறை நிறுத்தியது. 2023-இல்தான் தடை நீங்கியது. அந்தத் தடைக்கு வழிசெய்த மனு ஹாங்காங்கிலிருந்து இயங்கிய ஓர் அமைப்பு கொடுத்தது. காட்டில் நிற்கும் தொழிலாளியின் குறை, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்ட ஆபீசுக்கு உறைக்குமுன் கடல் தாண்டிச் சுற்றி வந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்து இன்று அதே செம்பனைத் தோட்டங்களில் நிர்வாகிகளாகவும் மேற்பார்வையாளர்களாகவும் இருக்கும் நம்மவர்களைத்தான் கேட்கத் தோன்றுகிறது: உங்கள் காலைப் பெரட்டில், மண்டோர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், நேப்பாளியிலும் வங்காளத்திலும் ஒரு தொழிலாளியிடம் கேள்வி கேட்டு, பதில் முடியும்வரை நிற்பவர் யார்?