ஒரு தோசை, முக்கால் மணி நேரம்

போன வருஷம் என் பொண்ணு ராத்திரி ஒரே தோசையை முக்கால் மணி நேரம் பிய்ச்சுக்கிட்டே இருப்பாள். போனில் மட்டும் சமையல் வீடியோவாகச் சேர்த்து வைப்பாள். பிடிவாதம் என்று திட்டினேன்.

பிறகுதான் மினசோட்டா பட்டினிப் பரிசோதனை பற்றிப் படித்தேன். 1944-45. ஆன்சல் கீஸ் குழு 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு போட்டது. வாரம் 22 மைல் நடை வேறு. எடையில் கால்வாசி போச்சு. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். (எல்லாரும் உடம்பும் மனசும் நல்லா இருக்கா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த தன்னார்வலர்கள்!) சோறு தாராளமாகக் கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை.

அதாவது, பட்டினியே ஆளை இப்படி நடக்க வைக்கும். அனரெக்சியா சிகிச்சையில் எடையை மீட்க ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று அப்போதான் புரிந்தது. பிஎம்ஐ 'நார்மல்' என்று நான் சமாதானமாக இருந்தேன். எடை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை அந்த எண் சொல்லாது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.