உங்களுக்குத் தெரியுமா? 16 புள்ளி, 16 வரிசை

ஓர் இணையதளத்தைத் திறந்ததும் உலாவியின் மேல்விளிம்பில், தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு படம் நிற்கிறதே, அதற்கு ‘ஃபேவிகான்’ என்று பெயர். 1999இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியோடு வந்தது. அதன் அடிப்படை அளவை மார்கழிக் கோலம்போலச் சொல்லிவிடலாம்: 16 புள்ளி, 16 வரிசை. மொத்தம் 256 புள்ளிகள். இப்போது கூர்மையான திரைகளுக்காகப் பெரிய அளவுகளையும் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடம் இன்னமும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதுதான். ஒரு லோகோ நல்லதா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் இந்தச் சதுரத்துக்குள் வைத்துப் பார்க்கச் சொல்வேன். வரைந்தவரின் பெரிய திரையில் எல்லா லோகோவும் அழகுதான்.

*

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் லோகோவில் இருந்தது பழம் மட்டுமல்ல, ஐசக் நியூட்டனே இருந்தார். 1976இல் அதை வரைந்தவர் நிறுவனர் மூவரில் ஒருவரான ரொனால்ட் வேன். மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேலே ஒரு பழம் தொங்கும், சட்டத்தைச் சுற்றிக் கவிதை வரி ஓடும். பழைய புத்தகத்தின் உள்ளட்டைக்குப் பொருத்தமான படம். சுருக்கினால் கறுப்புத் திட்டு. மறு ஆண்டே ராப் ஜானோஃப் என்ற வடிவமைப்பாளர் மரத்தையும் நியூட்டனையும் விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதில் ஏன் ஒரு கடி? சிறிய அளவில் பார்ப்பவர்கள் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஃபேவிகான் பிறப்பதற்கு 22 ஆண்டுகள் முன்பே அந்தச் சின்னச் சதுரத்தின் சிக்கலைத் தீர்த்துவிட்ட மனிதர்!

*

லோகோவுக்கும் எடை உண்டு. 2015 செப்டம்பரில் கூகுள் தன் எழுத்துகளின் நுனிக் கொக்கிகளை நீக்கி, வட்டமும் கோடுமாக மாற்றியது. பலரும் அழகு போயிற்று என்று வருந்தினார்கள். எனக்கு அந்த மாற்றத்தில் பிடித்தது வேறு விஷயம். பழைய லோகோ கிட்டத்தட்ட 14,000 பைட். புதியதில், வேகம் குறைந்த இணைப்புகளுக்கென்று செய்த ஒரு வடிவம் வெறும் 305 பைட்! வட்டத்தையும் கோட்டையும் கணினிக்குச் சில எண்களாலேயே சொல்லிவிடலாம். கொக்கியும் வளைவுமான எழுத்துக்கு ஒவ்வொரு வளைவையும் தனித்தனியே விவரிக்க வேண்டும். மலைக்கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் தேடுபவருக்கும் லோகோ சட்டென்று வந்துவிடும்.

*

அதே கூகுளின் முதல் லோகோவை 1998இல் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்தவர் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின். சில காலம் அதன் வாலில் ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. அப்போது கொடிகட்டிப் பறந்த யாஹூவின் சாயல்.

*

2014இல் கூகுள் தன் லோகோவின் இரண்டாவது ‘ஜி’யை வலப்பக்கம் 1 புள்ளியும், ‘எல்’லைக் கீழும் வலமுமாக 1 புள்ளியும் நகர்த்தியது. அதையும் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

*

தமிழ் எழுத்தையே ஃபேவிகானாக வைக்க ஆசையா? கட்டம்போட்ட கணக்கு நோட்டில் 16க்கு 16 சதுரம் எடுத்து, பென்சிலால் கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்றே கோடு. இரண்டும் கிண்ணென்று நிற்கும். ‘ம’, ‘ய’ சமாளித்துவிடும். ‘ஐ’, ‘ஞ’, ‘ஜ’ என்று போனால், சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போகும். எழுத்தை எழுத்தாக்குவதே அந்த உள்வெள்ளைதான். மெய்யெழுத்து வேண்டாம் என்பது என் கட்சி. மேலே வைக்கும் புள்ளிக்கு 2 வரிசை, அதற்குக் கீழே இடைவெளிக்கு 1 வரிசை போய்விட்டால், எழுத்துக்கு மிஞ்சுவது 13தான். சுழி நிறைந்த எழுத்துதான் வேண்டும் என்றால், சாதாரண எழுத்துருவைச் சுருக்கிப் போடாமல், சுழிகளைத் திறந்துவிட்டுத் தனியாக வரையச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை, பல வருடம் உழைக்கும்.

கோயில் தளம் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் அத்தனையையும் அந்தச் சதுரத்தில் திணித்தால் கரித்துண்டுபோல் தெரியும். படிப்படியாக ஒடுங்கும் வெளிக்கோடு மட்டும் போதும், எந்தத் தமிழருக்கும் அது கோபுரம் என்று விளங்கிவிடும். கலசம் எத்தனை என்பதை உள்பக்கத்துப் படங்களில் எண்ணிக்கொள்ளலாம்.

*

தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்குத் தளம் அமைக்க உதவியபோது லோகோவைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தளத்தில் ஏற்றினால் மேகமூட்டமாக இருந்தது, போதாததற்கு மெரூன் நிறப் பட்டையின் மீது வெள்ளைச் சதுரம் ஒட்டுப்போட்டதுபோல் நின்றது. காரணம் இரண்டு. வாட்ஸ்அப் புகைப்படமாக அனுப்பும் எதையும் சுருக்கிவிடும். ஜேபெக் வகைப் படத்தில் ஒளிபுகும் பின்னணி என்பதே கிடையாது. காலியிடம் பெரும்பாலும் வெள்ளையாக நிரம்பிவிடும். பின்னணி இல்லாத லோகோவுக்குப் பிஎன்ஜி வேண்டும். அதைவிட மேல் எஸ்விஜி. அது படத்தைப் புள்ளிகளாக வைத்துக்கொள்ளாமல் கோடுகளின் கணக்காக வைத்துக்கொள்வதால், கைபேசிக்குச் சுருக்கினாலும் சுவரளவுக்குப் பெரிதாக்கினாலும் கலங்காது.

கடைக்காரரிடம் அப்படி ஒரு கோப்பு இல்லை. ஆனால் அவருடைய பெயர்ப்பலகையை அடித்துக்கொடுத்த ஃபிளக்ஸ் கடையில் இருந்தது, கோரல்டிரா ஃபைலாக. கோரல்டிராவும் கோட்டுக் கணக்குதான், அதிலிருந்து எஸ்விஜி எடுப்பது சில நிமிட வேலை. உங்கள் கடை லோகோவும் ஏதோ ஓர் அச்சகத்துக் கணினியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் கணினி பழுதாகும் முன் பென்டிரைவில் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. கறுப்பு எழுத்தில் பின்னணியில்லாத லோகோ, கைபேசி இருள் பயன்முறையில் இருக்கும்போது கறுப்போடு கறுப்பாகக் காணாமல் போகலாம். வெளிர் நிறத்தில் ஒரு மாற்று வடிவமும் கைவசம் இருக்கட்டும்.

*

விக்கிப்பீடியாவின் உருண்டை லோகோவைப் பார்த்திருப்பீர்கள். பல மொழி எழுத்துகள் பொறித்த துண்டுகளைக் கோத்த பூகோளம். அதில் சில ஆண்டுகள் பிழை இருந்தது! தேவநாகரி ‘வி’யில் இகரக் குறி எழுத்துக்கு முன்னால் வரவேண்டும். லோகோவில் அது இடம் மாறி நின்றது. ஜப்பானிய எழுத்திலும் தவறு. 2010இல் லோகோவைப் புதுப்பித்தபோதுதான் திருத்தினார்கள்.

நமக்கு இது புரியும். நம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வருபவை. தமிழைச் சரியாகக் கையாளத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால், ‘கெ’யின் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது அருகில் பொட்டு வட்டத்தோடு அநாதையாக நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் வரைந்த லோகோவை ஏற்கும் முன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்துவிட வேண்டும். சொந்தப் பெயரிலேயே பிழையோடு ஒரு தளம் திறந்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

*

ட்விட்டரின் தொடக்ககாலப் பறவைப் படம், இணையப் படக்கடையான ஐஸ்டாக்கில் மிகச் சிறிய தொகைக்கு வாங்கியது. வரைந்தவர் சைமன் ஆக்ஸ்லி. அந்தக் கடையின் விதிப்படி அங்கே வாங்கும் படத்தை லோகோவாக்க முடியாது. அதனால் ட்விட்டர் தனக்கென்று வேறு பறவையை வரைய வேண்டியதாயிற்று. கிட்ஹப் தளத்தின் பூனையும் ஆக்டோபசும் கலந்த உருவமும் இதே ஆக்ஸ்லியின் கைவண்ணம்தான். அதை லோகோவாக்க விரும்பிய கிட்ஹப், அவரிடம் பிரத்யேக உரிமை வாங்கிக்கொண்டது. இலவசப் படத்தளத்தில் கிடைத்த இலையையும் தீபத்தையும் லோகோவாக வைத்திருப்பவர்கள் உரிம விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

*

2010 அக்டோபரில் அமெரிக்கத் துணிக்கடையான கேப், முன்னறிவிப்பு எதுவுமின்றித் தன் இணையதளத்தில் லோகோவை மாற்றியது. 20 ஆண்டுகளுக்கும் மேல் பழகிய நீலச் சதுரம் போய், சாதாரண எழுத்தில் பெயரும் மூலையில் துளி நீலமும் வந்தன. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் பழையது திரும்பி வந்தது. புதியது அசிங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் அந்தக் கடையை நினைவூட்ட எதுவும் மிஞ்சவில்லை.

*

அசையும் லோகோ ஆளை விழவைத்தும் இருக்கிறது. 2007இல் லண்டன் ஒலிம்பிக் லோகோவை அறிமுகப்படுத்த வெளியிட்ட அசைபடத்தின் ஒரு பகுதி, கண்ணைப் பறிக்கும் வேகத்தில் மின்னியது. வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பு வந்ததாகப் புகார் எழ, அந்தப் பகுதியைத் தளத்திலிருந்து நீக்கினார்கள். நொடிக்கு 3 முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி.

*

2021இல் அமேசான் தன் செயலிச் சின்னத்தில், அட்டைப்பெட்டி மேல் ஒட்டிய நீல டேப்பைச் சேர்த்தது. ஓரம் கிழிந்த அந்தத் துண்டு ஹிட்லரின் மீசைபோல் இருக்கிறது என்று மக்கள் சொல்ல, டேப்பின் ஓரத்தை மடித்துவிட்டார்கள். லோகோ பெண்களை அவமதிக்கிறது என்று மும்பையில் எழுந்த புகாருக்குப் பின், இணையத் துணிக்கடையான மிந்த்ராவும் அதே ஆண்டு தன் லோகோவை மாற்றியது. வரைந்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதே.

*

லோகோவைத் தட்டினால் முகப்புக்குப் போகலாம் என்பது நமக்குப் பழகிவிட்டது. அதை இடப்பக்க மேல்மூலையில் வைக்காமல் நடுவில் வைத்தால், முகப்புக்குத் திரும்புவது சுமார் 6 மடங்கு கடினமாகிறது என்று நீல்சன் நார்மன் குழுமத்தின் ஆய்வு சொன்னது. வலமிருந்து இடமாகப் படிக்கும் அரபு, ஹீப்ரு தளங்களில் அது வலமூலைக்குப் போய்விடும்.

*

ஃபேஸ்புக் ஏன் நீலம்? அதன் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்குக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். உலகளாவிய வலையின் ஆரம்பகால லோகோவில் மூன்று ‘டபிள்யூ’க்களும் ஏன் பச்சை? வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயோடு சேர்ந்து உழைத்த ராபர்ட் காயோவுக்கு எழுத்துகள் நிறத்தோடு தோன்றும். அவர் மனக்கண்ணில் அந்த எழுத்து பச்சை.

*

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற அளவிலாவது வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறது முன்பு சொன்ன இணைய அணுகல் வழிகாட்டி. லோகோவில் உள்ள எழுத்துக்கு மட்டும் விலக்கு! அதை நம்பி வெள்ளை மீது இளமஞ்சளில் பெயரெழுதுவது சரியல்ல. கண்புரை வந்த பெரியவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தானே.

*

பார்வையற்றவர்களுக்குத் தளத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், லோகோ வரும்போது அதற்கான மாற்றுரையைப் படிக்கும். அந்த இடம் ‘லோகோ’ என்று மட்டும் இருந்தால், எந்தக் கடைக்கு வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. மாற்றுரையே இல்லாவிட்டால் சில நேரம் கோப்பின் பெயரையே படித்துவிடும்: ‘ஃபைனல் நியூ 2 டாட் பிஎன்ஜி’. அங்கே எழுத வேண்டியது கடையின் பெயர். தமிழ்த் தளமென்றால், தமிழிலேயே.