கோயிலில் ஆள் குறையுது... பங்கில் பெயர் குறையுதா? பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு கணக்கு

கும்மிடிப்பூண்டி,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கத்தோலிக்க கோயில் வாசலில் பெரியவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். முன்ன மாதிரி ஜனம் இல்லை. படித்த பிள்ளைகள் சென்னைப் பக்கம் போய்விட்டார்கள். சில குடும்பங்கள் பக்கத்துத் தெரு ஜெப வீட்டுக்குப் போகிறார்கள். சந்தா நோட்டில் வருஷா வருஷம் பெயர்களை அடிக்க வேண்டியிருக்கிறது.

அதே நேரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் இரும்பாலைகளில் ஜார்க்கண்ட், ஒடிசாவில் இருந்து வந்த வாலிபர்கள் ஷிப்டு ஷிப்டாக வேலை பார்க்கிறார்கள். ராஞ்சி, கும்லா, சுந்தர்கர் பக்கம் தாத்தா காலத்தில் இருந்தே கத்தோலிக்கரான பழங்குடிக் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களின் பெயர் இங்கே எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

அப்படியானால் பங்கில் ஆள் குறைகிறதா? இல்லை, எண்ணுகிற விதத்திலேயே கோளாறா? திருச்சபை சட்டம் என்ன சொல்கிறது? அதன் விவரம் வருமாறு:-

1515-ல் வந்த மாதா

இந்த வட்டாரத்தில் ஆள் குறைவது இன்று நேற்று நடக்கிற சமாச்சாரம் அல்ல. பழவேற்காடு மகிமை மாதா கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துகீசியர்கள் 1515-ல் கட்டியதாக சொல்லப்படும் கோயில் இது. சென்னை-மயிலை உயர்மறை மாவட்டத்தின் மிகப் பழமையான கோயில்களில் ஒன்று.

அப்போது பழவேற்காடு பெரிய துறைமுகம். இங்கே நெய்த துணியும் கைக்குட்டையும் கப்பலேறி உலகம் சுற்றின. மெக்சிகோ நாட்டில் தலையில் கட்டும் பூப்போட்ட கைக்குட்டைக்கு இன்றும் 'பாலியகாத்தே' என்று பெயர். அது நம்ம பழவேற்காடு பெயரில் இருந்து போனதுதான் என்கிறார்கள்.

கோயில் கட்டிய போர்த்துகீசியர்களால் ஊரைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. 1610-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1612-ல் சாந்தோமில் இருந்து போர்த்துகீசியர்கள் படையெடுத்து வந்து டச்சுக்காரர்களின் பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருஷமே, 1613-ல், டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிவிட்டார்கள்.

டச்சுக்காரர்கள் புராட்டஸ்டன்ட் மதத்தவர்கள். கத்தோலிக்கம் அவர்களுக்கு ஆகாது. அவர்களும் 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பக்கத்திலேயே வெள்ளைக்காரர்களின் சென்னைப்பட்டினம் வளர, வியாபாரம் அங்கே போனது. 1824 ஒப்பந்தத்தின்படி 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது ஊரின் பழைய மவுசு போயிருந்தது.

கோட்டை இன்று இடிபாடு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை தொல்லியல் துறை பூட்டு போட்டு பாதுகாக்கிறது. மாதா கோயிலில் மட்டும் பூசை நடக்கிறது. பக்கத்தில் ஒரு மீனவ ஊருக்கு நடுவூர் மாதா குப்பம் என்றே பெயர். கோயில் கட்டியவன் போய்விட்டான், விரோதியாக வந்தவனும் போய்விட்டான்.

சாமியார் இல்லாத காலம்

இதே டச்சுக்காரர்கள் இலங்கையைப் பிடித்தபோது, 1658-ல் இருந்து அங்கே கத்தோலிக்க குருக்களுக்கு தடை போட்டார்கள். சுமார் 30 வருஷம் தமிழ், சிங்கள கத்தோலிக்கர்களுக்கு பூசை வைக்க ஆள் இல்லாத நிலை. ஜெபம் சொல்லிக்கொடுத்ததும், அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், சாவு வீட்டில் முன்னால் நின்றதும் ஊர்ப் பெரியவர்கள்தான்.

1687-ல் கோவாவைச் சேர்ந்த குரு ஜோசப் வாஸ் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் போனார். அவர் தேடிப் போனபோது சபை கலையாமல் இருந்தது. 2015 ஜனவரி 14-ந்தேதி கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரை புனிதராக அறிவித்தார்.

அந்தக் காலத்தில் சந்தா நோட்டு இருந்திருக்காது என்பதை தனியாக சொல்ல வேண்டியதில்லை.

ஏன் குறைகிறது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் குறையவில்லை. 2001 மக்கள்தொகை கணக்கெடுப்பில் 6.07 சதவீதம். 2011-ல் 6.12 சதவீதம், அதாவது 44 லட்சத்துக்கும் மேல். ஆனால் அந்தக் கணக்கில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லாம் ஒரே கட்டம். ஒரு கோயிலில் இருந்து இன்னொரு சபைக்கு மாறினால் அரசாங்கக் கணக்கில் ஒன்றும் மாறாது. பங்கு நோட்டில் மட்டும் ஒரு குடும்பம் குறையும்.

பிறப்பும் குறைந்துவிட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 பிள்ளைகள்தான். ஒரு வீட்டில் ஐந்து, ஆறு ஞானஸ்நானம் நடந்த காலம் போய்விட்டது.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. கேரளாவைச் சேர்ந்த சீரோ மலபார் கத்தோலிக்கர்கள் இங்கே நம்ம லத்தீன் முறை கோயில்களுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். 2017 அக்டோபரில் அவர்களுக்காக ஓசூர் மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. சென்னையும் திருவள்ளூரும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அந்தக் குடும்பங்கள் எங்கேயும் போகவில்லை, கணக்கு மட்டும் மாறிவிட்டது.

நான்காவது காரணம்தான் பெரியது, அதைப்பற்றி வாய்திறந்து பேசுவதற்கு தயக்கம் அதிகம். 1950-ல் வந்த ஜனாதிபதி உத்தரவுப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியாக கணக்கிடப்பட்டார்கள். 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பவுத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆதிதிராவிட குடும்பத்துப் பிள்ளை 'கிறிஸ்தவர்' என்று எழுதினால் சான்றிதழ் எஸ்.சி. அல்ல, பி.சி.

இதனால் கோயிலில் முன்வரிசையில் நிற்கும் பலர் காகிதத்தில் இந்துவாக இருக்கிறார்கள். பிள்ளையின் படிப்பு, வேலை என்று யோசிக்கும் தாய் தகப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரி பெண் ஒருவரின் வழக்கில், நம்பிக்கை கிறிஸ்தவத்தில் இருக்க, சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவதாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஞானஸ்நானப் பதிவும் அந்த வழக்கில் பேசப்பட்டது. நோட்டில் பெயர் ஏறுவதற்கே ஜனம் பயப்படுகிறது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

கோயிலுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிக்காக நடுவில் சுவர் நின்ற கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. செத்த பிறகும் தனி இடம் என்றால், உயிரோடு இருக்கிறவன் வேறு சபையைத் தேடமாட்டானா?

பாட்டில் பெயர் இருக்கா?

பழவேற்காட்டுக்காரர்களுக்கு 'யார் நம்ம ஆள்' என்ற கேள்வி புதுசு இல்லை. ஏரியில் இறால் பிடிக்க 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் பெயர் உள்ள ஆண்கள் முறைபோட்டு, அவரவர் நாளில், அவரவர் இடத்தில் வலை கட்டுவார்கள். பெயர் இல்லாதவனுக்கு அந்த இடத்தில் தண்ணீர் கிடையாது. புதிதாக வந்தவன் கேட்டால் தகராறுதான்.

ஏரியில் இருப்பது கொஞ்சம் மீன், ஆள் நிறைய. அதனால் கதவை மூடி வைத்தார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பங்கும் பாடு மாதிரிதான் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். சந்தா கட்டினவன், நாலு தலைமுறையாக இருக்கிறவன், திருவிழாவில் தேர் தூக்குகிற உரிமை உள்ளவன், இவன்தான் பங்கு என்கிற எண்ணம் பல ஊர்களில் உண்டு. திருச்சபை சட்டம் அப்படி சொல்லவில்லை.

மூன்று மாதம் போதும்

1983-ல் வெளியான திருச்சபை சட்டத்தொகுப்பு பங்கை ஒரு எல்லையாகப் பார்க்கிறது. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் கத்தோலிக்கர் எல்லோரும் பங்கு மக்கள். இதில் இரண்டு வகை:-

நிரந்தரமாக தங்கும் எண்ணத்தோடு வந்தவர், அல்லது 5 வருஷம் தங்கிவிட்டவர், அந்தப் பங்கின் நிரந்தரவாசி. மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தவர், அல்லது மூன்று மாதம் தங்கிவிட்டவர், தற்காலிகவாசி. இருவருக்கும் அந்த ஊர் பங்குத்தந்தைதான் சொந்த பங்குத்தந்தை. எங்கேயும் நிலையாக வீடு இல்லாதவருக்கு, அவர் அன்றைக்கு எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் பங்குத்தந்தை. சந்தா என்ற பேச்சே இந்த விதிகளில் இல்லை.

அதாவது, சிப்காட்டில் காண்டிராக்டர் ஷெட்டில் தங்கி மூன்று மாதமாக கம்பி உருட்டும் ஒடிசா வாலிபர் ஏற்கனவே பங்கு ஆள். தமிழ் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, கோயில் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அதெல்லாம் வேறு பிரச்சினை. அவர் செத்தால் அடக்க பூசை கேட்கவும், கல்யாணம் என்றால் ஓலை வாசிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. கல்யாணத்துக்கு ஒரு மாதம் அந்தப் பங்கில் தங்கியிருந்தாலே போதும் என்கிறது சட்டம்.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவாகும். 1990-ல் இருந்து இருக்கும் முகாம் அது. 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் வெளிநாட்டவர்களாகவே நடத்தப்படுகிறார்கள். அங்கே உள்ள கத்தோலிக்கர், கோயில் சட்டப்படி, 5 வருஷத்திலேயே இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டார். அவரை ஊர்க்காரர் என்று ஒப்புக்கொள்ளும் ஒரே நோட்டு அதுவாகக்கூட இருக்கலாம்.

மூட முடியுமா?

ஆள் குறைந்தால் பங்கை மூடிவிடுவார்களா என்ற பயம் சின்ன ஊர்களில் உண்டு. பங்கை உருவாக்கவோ மூடவோ இன்னொன்றோடு சேர்க்கவோ ஆயருக்கு மட்டுமே அதிகாரம். அவரும் குருக்கள் மன்றத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது. குருக்கள் பற்றாக்குறை, பணக் கஷ்டம் என்பதை மட்டுமே காரணம் காட்டி மூடக்கூடாது என்று வாடிகன் 2020 ஜூலையில் அறிவுறுத்தியது. யாரும் மூடாமல், ஒரு நடமாட்டமும் இல்லாமல் கிடந்தால்கூட 100 வருஷம் கழித்துத்தான் பங்கு சட்டப்படி இல்லாமல் போகும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. பாஸ்டன் உயர்மறை மாவட்டம் 2004-ல் பல பங்குகளை மூடியது. சிச்சுவேட் என்ற ஊரில் ஜனங்கள் கோயிலை விட்டு வெளியே வரமாட்டோம் என்று முறைபோட்டு இரவு பகலாக உள்ளேயே உட்கார்ந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 11 வருஷத்துக்கு மேல். கோர்ட்டில் தோற்ற பிறகு 2016 மே மாதம்தான் கதவைச் சாத்தினார்கள். பால்டிமோர் உயர்மறை மாவட்டம் 2024-ல் 61 பங்குகளை 23 ஆக குறைக்க முடிவு செய்தது.

நம்ம ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை. இங்கே முதலில் அடிபடுவது கிளைக் கிராமங்கள்தான். பத்து, பதினைந்து குடும்பம் இருக்கும் ஊரில் வாரப் பூசை மாதப் பூசையாகும். உபதேசியார் இருந்த இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அன்பியக் கூட்டம் நின்றுபோகும். அடுத்தவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே வழி அந்த வாரக் கூட்டம்தான் என்பது நின்றபிறகுதான் தெரியும்.

அடிக்க முடியாத பெயர்

சந்தா நோட்டில் பெயரை அடிக்கலாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அடிக்க முடியாது. ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், இறப்புக்கு பதிவேடு வைத்தே ஆகவேண்டும். ஒருவருக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்ததோ அந்தக் கோயில் ஏட்டில்தான் அவருடைய மற்ற விவரமும் ஏறும். பழவேற்காட்டில் ஞானஸ்நானம் பெற்ற பெண் திருவொற்றியூரில் குடியிருந்து அங்கேயே கல்யாணம் செய்தாலும், அந்த கோயிலில் இருந்து தகவல் பழவேற்காட்டுக்கு வந்தாக வேண்டும். இன்ன தேதியில், இன்ன கோயிலில், இன்னாரை மணந்தார் என்று அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஓரத்தில் எழுதுவார்கள். சிப்காட் வாலிபர் இங்கே கல்யாணம் செய்தால் தகவல் இங்கிருந்து சுந்தர்கருக்குப் போகும். அதற்கு அவர் கொண்டுவர வேண்டியது சொந்த ஊர் கோயிலில் ஆறு மாதத்துக்குள் வாங்கிய ஞானஸ்நான சான்றிதழ். கல்யாணத்துக்கு பொதுவாக கேட்பது இதைத்தான்.