ஓட்டைப் பாத்திரத்துக்கு வந்த யோகம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வெளியே வந்த தூண், கதவிலிருந்து கரண்டி வரை அங்கே கிடைக்கும். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு வணிகர்கள் ஊருக்கு அனுப்பிய சுவீடன், ஜப்பான் எனாமல் பாத்திரங்களும் உண்டு. இவற்றை வாங்கிப்போய் அலங்கார விளக்காக மாற்றுவதுதான் இப்போதைய மோஸ்தர்.

மரக்காலைக் கவிழ்த்து, அடியில் துளைபோட்டு, ஒயரை நுழைத்துத் தொங்கவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனாலும் வயிறு எரிகிறது. தலைமுறை தலைமுறையாக நெல் அளந்த மரக்காலைக் குத்திக் கெடுப்பானேன்? சாரணி, இட்லித் தட்டு, எனாமல் வடிதட்டு எல்லாம் பிறக்கும்போதே துளையோடு பிறந்தவை, அவற்றை எடுத்துக்கொள்ளலாமே. எனாமலில் புதிதாகத் துளை போடவும் கூடாது. இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி அது. துளையைச் சுற்றிச் சில்லு பெயர்ந்து, நாளடைவில் துரு ஏறும்.

வடிதட்டைக் கவிழ்த்து உள்ளே பல்பை எரியவிட்டால் சுவரெங்கும் வெளிச்சப் புள்ளிகள் இறையும். பல்பு துளைகளை நெருங்க நெருங்க, புள்ளிகள் பெரிதாகி மங்கும். தள்ளிவைத்தால் சிறுத்துத் துலங்கும். பால் வெள்ளை பல்பு இதற்கு உதவாது, தெளிந்த கண்ணாடி பல்பு வேண்டும்.

பித்தளையில் செய்ய ஆசையா? அடியில் ஓட்டை விழுந்த அகலவாய்ப் பாத்திரமாகப் பார்த்து வாங்குங்கள். எப்படியும் எடைக்குப் போகவேண்டியது. உள்ளே பூசிய ஈயம் மிச்சமிருந்தால் வெளிச்சம் வெள்ளையாக இறங்கும், தேய்ந்து பித்தளை தெரிந்தால் மஞ்சளாக. வெளிப்புறத்தைப் புளிபோட்டுத் துலக்காதீர்கள். அந்தக் கறுப்புக்குத்தானே காசு கொடுத்தீர்கள்!

ஒயரில் மட்டும் சிக்கனம் கூடாது. உலோகப் பாத்திரம் என்பதால் எர்த் இணைப்போடு மூன்று கம்பி ஒயர், மூன்று முனை பிளக் அவசியம். ஓட்டையின் விளிம்பு ஒயரைச் சீவாமலிருக்க ரப்பர் வளையம் போடவேண்டும். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும், சூடும் குறைவு. ஆனால், அதையும் மூடிய ஜாடிக்குள் அடைத்தால் சூடு தங்கி ஆயுள் குறையும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் முதலில் பாத்திரத்தின் வயதை விசாரியுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஒயர் மாட்டிவிட்டதால் அதற்கு வயது குறைந்துவிடாது.